சம்பளக் கணக்கில் 9 மாதமாக மினிமம் பேலன்ஸ் சார்ஜ்: ரூ. 5,310 திரும்பக் கிடைக்குமா?

கேள்வி

வணக்கம். போன வருடம் வேலையை விட்டேன். கம்பெனி ஆரம்பித்துக் கொடுத்த சம்பளக் கணக்கு ஒரு தனியார் வங்கியில் அப்படியே கிடந்தது. அதில் 4,000 ரூபாய் இருந்தது. அவசரத்துக்கு ஆகும் என்று எடுக்காமல் விட்டுவிட்டேன்.

போன வாரம் நண்பர் ஒருவர் என்னிடம் வாங்கியிருந்த கைமாற்று 5,000 ரூபாயை யுபிஐ-யில் திருப்பி அனுப்பினார். அது இந்தப் பழைய கணக்கில் போய் விழுந்துவிட்டது. ஆப்பைத் திறந்து பார்த்தால் 3,690 தான் இருக்கிறது.

ஸ்டேட்மென்ட் எடுத்தேன். மாதம் தவறாமல் 590. அதாவது 500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90. ஆறு மாதம் முழுசாகப் போயிருக்கிறது. ஏழாவது மாதம் மிச்சம் இருந்த 460-ஐயும் வழித்து எடுத்துவிட்டு 130-ஐ பாக்கி எழுதியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு மாதமும் அதில் சேர்ந்து பாக்கி 1,310 ஆகிவிட்டது. நண்பரின் பணம் வந்த நிமிடமே அதைப் பிடித்துக்கொண்டார்கள். மொத்தம் 5,310. நான் விட்டு வைத்ததே 4,000!

பிராஞ்சில் கேட்டால், "மூணு மாசம் சம்பளம் வரலைன்னா சாதாரண அக்கவுண்ட் ஆயிடும் சார், பத்தாயிரம் வெச்சிருக்கணும். சிஸ்டம் பிடிக்குது, எங்க கையில இல்ல" என்கிறார்கள். ஏதாவது வழி உண்டா?

பதில் 1

அந்தக் கணக்கு செயல்படாத கணக்கு. அதில் மினிமம் பேலன்ஸ் அபராதமே போடக்கூடாது, 2014-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தைரியமாகக் கேளுங்கள்.

பதில் 2

மேலே சொன்ன விதி சரி, ஆனால் இவருக்குப் பொருந்தாது. வாடிக்கையாளர் தன் பக்கமிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் எதுவும் செய்யாமல் இருந்தால்தான் செயல்படாத கணக்கு. இவருக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. தப்பான விதியைக் காட்டி எழுதினால் ஒரே வரியில் பதில் போட்டு ஃபைலை மூடிவிடுவார்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்களுக்கு வேண்டியது 2014 நவம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் குறைந்தால் எப்படி அபராதம் போடலாம் என்பதுதான் அதன் விஷயமே. பேலன்ஸ் குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதத்தில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் சரி செய்யாவிட்டால் அபராதம் உண்டு என்று அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதம் முடியும் முன் பிடிக்கக்கூடாது. அபராதம் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற சதவீதமாக இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக்கூடாது.

இப்போது உங்கள் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். 4,000 இருந்தபோதும் 590, சுத்தமாக ஒன்றும் இல்லாதபோதும் 590. உதாரணத்துக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 6,000 குறையும்போது 360, பத்தாயிரமும் குறையும்போது 600 என்று மாறத்தானே வேண்டும்? அந்த 1,310 இன்னும் மோசம். கணக்கில் காசே இல்லாதபோது ஏறிய பாக்கி அது. "மைனஸ் காட்டவில்லை, பாக்கியாகத்தான் வைத்திருந்தோம்" என்று சமாளிப்பார்கள். விட்டுவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். முதல் பிடித்தத்துக்கு முன்னால் ஏதாவது மெசேஜ் வந்ததா? தேதியோடு சொல்லுங்கள்.

கேட்டவர்

தேடிப் பார்த்தேன் சார். 3-ஆம் தேதி ஒன்று வந்திருக்கிறது: "உங்கள் கணக்கின் வகை மாற்றப்பட்டுள்ளது. விவரங்களுக்கு எங்கள் தளத்தைப் பார்க்கவும்." அவ்வளவுதான், சார்ஜ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே மாதம் 30-ஆம் தேதி முதல் 590. அதன் பிறகு வந்ததெல்லாம் பிடித்த பிறகு வந்த மெசேஜ்தான்.

பதில் 2

அது போதும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பத்திரப்படுத்துங்கள், புது போன் மாற்றும்போது போய்விடப் போகிறது.

புகாரில் "சார்ஜ் ரொம்ப அதிகம், அநியாயம்" என்று மட்டும் எழுதாதீர்கள். மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்பது வங்கியின் வணிக முடிவு. அதில் ஆம்புட்ஸ்மன், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி, தலையிட மாட்டார். விதிப்படி பிடிக்கவில்லை என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு, அதைக் கேட்பார்கள். கோபத்தை பிராஞ்சிலேயே விட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

இப்படி எழுதலாம்:

"என் கணக்கில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஒன்பது முறை, மொத்தம் ரூ. 5,310, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடிக்கப்பட்டுள்ளது. 20.11.2014 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை கூறும் ஒரு மாத முன்னறிவிப்பு எனக்கு வரவில்லை. வந்ததாகக் கருதினால் அதன் நகலையும் அனுப்பிய தேதியையும் தரவும். ஒவ்வொரு மாதமும் சராசரி இருப்பு எவ்வளவு, எந்த விகிதத்தில் அபராதம் கணக்கிடப்பட்டது என்ற விவரம் தரவும். இருப்பு இல்லாத காலத்தில் பாக்கி ஏற்றிப் பிடித்த ரூ. 1,310 உட்பட முழுத் தொகையையும் ஜிஎஸ்டியோடு திருப்பி வரவு வைக்கவும்."

மின்னஞ்சலில் அனுப்பி புகார் எண் வாங்குங்கள். பிராஞ்சில் வாயால் சொன்னது கணக்கில் வராது.

பதில் 3

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அம்மா பாஸ்புக்கில் ஒரு தடவை 436, இன்னொரு தடவை 20 ரூபாய் போயிருக்கிறது. அம்மாவுக்கு வயது 61, எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்கிறார். இதுவும் சார்ஜா?

பதில் 2

சார்ஜ் இல்லை அம்மா, இன்சூரன்ஸ் பிரீமியம். 436 பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், 20 விபத்துக் காப்பீடான சுரக்ஷா திட்டம். சம்மதப் படிவத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள். 436 திட்டத்தில் 50 வயது வரைதான் சேர முடியும், 55-க்கு மேல் காப்பீடே கிடையாது. அந்த 436-ஐ உடனே திருப்பிக் கேளுங்கள். 20 ரூபாய் திட்டம் 70 வயது வரை உண்டு. அதை நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள், இரண்டு லட்சம் விபத்துக் காப்பு. ஆனாலும் கேட்காமல் சேர்த்தது தப்புதான்.

பதில் 4

எதற்கு இவ்வளவு தலைவலி? கணக்கை மூடிவிட்டுப் போகலாமே. ஸ்டேட் பேங்கில் 2020-லேயே இந்த அபராதத்தை எடுத்துவிட்டார்கள். 2025-ல் கனரா, இந்தியன் வங்கியும் எடுத்துவிட்டன.

பதில் 2

மூடலாம், இப்போது வேண்டாம். பணம் வந்து சேரட்டும். அதுவரை 3,690-ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள் தம்பி. இல்லாவிட்டால் அடுத்த 590-க்கு நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன். நாலாம் நாள் ஒரு பதில் வந்தது: "உங்கள் கணக்கு விதிமுறைகளின்படியே கட்டணம் பிடிக்கப்பட்டது." முன்னறிவிப்பு பற்றி மூச்சே இல்லை. அதே புகார் எண்ணைப் போட்டு, வங்கியிலேயே புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்பினேன். அப்புறம் ஒரு பெண் போன் செய்து, "நல்லெண்ண அடிப்படையில் 1,180 போடுகிறோம், புகாரை முடித்துக்கொள்ளலாமா?" என்றார். மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மெயில் வரவில்லை. ஆறு நாள் கழித்து பணம்தான் வந்தது, இரண்டு வரவாக: 1,310, அப்புறம் 2,360. மீதி 1,640 பற்றிப் பேச்சே இல்லை.

பதில் 2

2,360 என்றால் நாலு மாத அபராதம், ஜிஎஸ்டியோடு. முன்னறிவிப்பு அனுப்பியிருந்தால் நகலை முகத்தில் அடித்த மாதிரி அனுப்பியிருப்பார்கள், பணம் போட்டிருக்க மாட்டார்கள்.

"பகுதித் தொகை கிடைத்தது, மீதி ரூ. 1,640-க்குப் புகார் தொடர்கிறது" என்று இன்றே ஒரு வரி அனுப்புங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எழுதி முடித்துவிடுவார்கள். நீங்கள் முதல் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் முடிவு வரவில்லை என்றாலோ, மறுத்துவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் ஆம்புட்ஸ்மனுக்குப் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. தளத்தில் தடுமாறினால் 14448-க்குப் போன் செய்யுங்கள்.

கேட்டவர்

அனுப்பிவிட்டேன் சார். முப்பதாவது நாள் வருகிற வியாழக்கிழமை. ஸ்க்ரீன்ஷாட், ஸ்டேட்மென்ட், இரண்டு மெயில் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் போட்டுவிடுகிறேன்.