பெரியப்பாவின் முழுக்கைச் சட்டை

நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. குளிக்கும்போது முன்கையில் தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருண்டது, தடவிப் பார்த்தால் தொடையில் இரண்டு, இடுப்பில் ஒன்று. வலி இல்லை. ஆனால் இரவெல்லாம் தூக்கம் இல்லை. நம் வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

பெரியப்பா: எனக்கு இருக்கிறது. 27 வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

அத்தை: அதனால்தான் எப்போதும் முழுக்கைச் சட்டையா அண்ணா! நான் ஸ்டைல் என்று நினைத்தேன் 😄

பெரியப்பா: நம் அப்பாவுக்கும் இருந்தது. சின்ன வயதில் அமுக்கி விளையாடித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அக்கா: தம்பி, எனக்கும் 5 இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தது. போன மாதம் தோல் டாக்டரிடம் காட்டினேன், கொழுப்புக் கட்டிதான், லைப்போமா என்பார்கள், பரம்பரையாக வருவது என்றார்.

சித்தி: கொழுப்பென்றால் எண்ணெயைக் குறைத்து நன்றாக நடக்கச் சொல், கரைந்துவிடும்.

அக்கா: கரையாது சித்தி. உடம்பு இளைத்தால் சுற்றியுள்ள சதை வற்றி இன்னும் துருத்திக்கொண்டுதான் தெரியும்.

அத்தை: என் பையனுக்கு வருமா?

அக்கா: அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கும் மாமாவுக்கும் இல்லையே, பெரும்பாலும் பயமில்லை.

நான்: புற்றுநோயாக மாறுமா? அதை மட்டும் சொல்.

அக்கா: மிக மிக அரிது. எத்தனை கட்டி என்பதைப் பார்க்காதே. 5 சென்டிமீட்டரைத் தாண்டியது, திடீரென்று வளர்வது, இறுகிப்போய் நகராமல் இருப்பது, வலிப்பது, இப்படி ஏதாவது ஒன்று மற்றவை போல இல்லையென்றால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பெரியப்பா: நான் மூன்றை வெட்டி எடுத்தேன். எடுத்த இடத்தில் வரவில்லை, பக்கத்தில் புதிதாக நான்கு வந்தது, தழும்புதான் மிச்சம். உறுத்தாதவரை கத்தி வைக்காதே.

அக்கா: பெரியப்பா, உங்களுக்குப் பெரிதாக ஏதாவது இருக்கிறதா?

பெரியப்பா: தொடையில் ஒன்று. பத்து வருடமாக இருப்பதுதான்.

அக்கா: எவ்வளவு பெரிது?

பெரியப்பா: உள்ளங்கை அளவு இருக்கும். இந்த ஆறு மாதமாகக் கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கிறது. வயதாகிறது இல்லையா.

அக்கா: வயது இல்லை பெரியப்பா. நாளைக்கே காட்ட வேண்டும்.

அத்தை: அண்ணா!!

நான்: எனக்கும் காட்ட வேண்டும். காலையில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், சேர்ந்தே போகலாம்.

பெரியப்பா: சரி. பத்து மணிக்கு மேல் வா.

அக்கா: எட்டரைக்கே போ தம்பி. பத்து என்றால் நழுவிவிடுவார்.