சால்ஸ்பரியில் பார்த்த நசுங்கிய ஹார்ட் டிஸ்க்

நகைச்சுவையான கற்பனை நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நான் வேலைக்காக இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. சால்ஸ்பரி அருங்காட்சியகத்தில் அவரைப் பற்றிய கண்காட்சி என்று கேள்விப்பட்டதும் அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறிவிட்டேன்.

அவருடைய எழுத்தறையையே அங்கே மறுபடி அமைத்திருந்தார்கள். ஆனால் என்னை நகரவிடாமல் பிடித்து நிறுத்தியது ஒரு ஹார்ட் டிஸ்க். நசுங்கி, வளைந்து, இன்ன பொருள் என்றே தெரியாத அளவுக்குச் சிதைந்த உலோகம். முடிக்காத கதைகள் அதில் இருந்தன. தான் போன பிறகு அதன்மேல் ரோடு ரோலரை ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். உதவியாளர் ராப் வில்கின்ஸ் 2017 ஆகஸ்டில் டார்செட்டில் நடந்த நீராவி எந்திரத் திருவிழாவில் அதை நிறைவேற்றினார். ஆறரை டன் ரோலர் பல தடவை ஏறி இறங்கியும் டிஸ்க் முழுசாக உடையவில்லை. கடைசியில் கல் உடைக்கும் எந்திரத்தில் போட்டார்கள்.

பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், பல மணி நேரம் வரிசையில் காத்திருந்து அவரிடம் கையெழுத்து வாங்கியதைச் சொன்னார். டிஸ்க்கை அழித்தது அநியாயம் என்பது அவர் கருத்து. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வரி வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்வதும் எழுத்தாளன் வேலைதான்.

அதுவும் பிராட்செட் உழைத்த உழைப்பைத் தெரிந்துகொண்டால் அவர் பக்கம்தான் நிற்கத் தோன்றும். 17 வயதில், 1965-இல், படிப்பை விட்டுவிட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவர். முதல் நாவல் 1971-இல் வந்தது. பிறகு மின் வாரியத்தில் செய்தித் தொடர்பு அதிகாரி, அதுவும் அணுமின் நிலையங்களுக்கு. பகலில் அந்த வேலை, இரவில் 400 சொற்கள். ஒரு நாவல் 300 சொற்களில் முடிந்துவிட்டால், மீதி 100 சொற்களுக்கு அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவாராம். ஆமை மேல் நான்கு யானைகள், யானைகள் மேல் தட்டையான உலகம் என்று 1983-இல் ஆரம்பித்த டிஸ்க்வேர்ல்டு வரிசை 41 நாவல்கள் வரை போனது. வேலையை விட்டது 1987-இல்தான்.

2007 டிசம்பரில் தனக்கு அல்சைமர் வகை நோய் என்று அவரே வெளியே சொன்னார். மூளையின் பின்பகுதியைத் தாக்கும் அபூர்வ வகை அது. பேச்சு சரளமாக இருக்கும். ஆனால் கண்ணெதிரே இருக்கும் விசைப்பலகையில் எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாது. என் பெரியப்பாவுக்கு மறதி வந்தபோது வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் அவரை உள்ளறைக்கு அனுப்பிவிடுவோம். பிராட்செட்டோ ஆராய்ச்சிக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார், தொலைக்காட்சியில் தன் நோயைப் பற்றிப் பேசினார், தட்டச்சு செய்ய முடியாமல் போனதும் வாயால் சொல்லிச் சொல்லி நாவல் எழுதினார். அவருடைய புத்தகங்கள் எனக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

அப்புறம் ஒருநாள் சாமர்செட்டில் இருக்கும் வின்கேன்டனுக்கும் போனேன். 2002-இல் டிஸ்க்வேர்ல்டின் கற்பனை நகரமான ஆங்க்-மார்போர்க்கோடு தன்னை இணைத்துக்கொண்ட நிஜ ஊர். நாவலில் வரும் 'ட்ரீக்கில் மைன் ரோடு' அங்கே நிஜமான தெருப் பலகையில் இருக்கிறது. அந்த முகவரியில் குடும்பங்கள் வசிக்கின்றன, தபால் வருகிறது.

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் டிஸ்க்வேர்ல்டு வரிசையின் முதல் இரண்டு நாவல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'மார்ட்' அல்லது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' சரியான வாசல். அவர் மறைவுக்குப் பின் வந்த 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' நாவலை மட்டும் முதலில் எடுத்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்திருப்பார் என்று பின்னுரையிலேயே வில்கின்ஸ் சொல்கிறார்.