தம்பிக்கு முட்டி ஜவ்வு ஆபரேஷன்: தொடை நாரா, முட்டிச்சில்லு நாரா?

மோல்மேன் அக்கா:
தம்பிக்கு 21 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. சாயங்காலமானால் சின்லோன் (பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடும் பர்மா ஆட்டம்), ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம். போன மாதம் பந்தோடு ஓடித் திரும்பும்போது முட்டிக்குள் 'டப்' என்று கேட்டதாம். இருட்டுவதற்குள் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். என்கிற முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு முழுசாக அறுந்திருக்கிறது. இடது கால், சின்லோனில் அவன் ஊன்றி நிற்கிற கால். ரங்கூனில் ஒரு டாக்டர் தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்து அந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நார்தான் உறுதி என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

ரங்கூன் பூக்கடைக்காரர்:
தங்கச்சி, எனக்கு ஐந்து வருடம் முன்னால் முட்டிச்சில்லு நாரில்தான் செய்தார்கள். நாரின் நடுவில் சுமார் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு, இரண்டு முனையிலும் சின்ன எலும்புத் துண்டோடு சேர்த்து எடுப்பார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, அந்தத் துண்டுகளை உள்ளே வைத்துத் திருகாணியால் இறுக்குவார்கள். எலும்போடு எலும்பு என்பதால் 6 வாரம் போல் ஒட்டிவிடும். தொடை நாரில் எலும்பு கிடையாது, துளைக்குள் பிடிக்க 8 முதல் 12 வாரம் ஆகும்.

உறுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மண்டியிடுவதுதான் பாடு. வீட்டுக்காரி பர்மாக்காரி, அவளோடு ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனால் பளிங்குத் தரையில் மண்டியிட்டுக் கும்பிடவேண்டும். நார் எடுத்த இடத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் துண்டை நாலாக மடித்து முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்கிறேன். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கையகலம் மரத்தே கிடக்கிறது. எனக்கு மண்டியிடுவது மாதத்தில் ஒரு நாள். உங்கள் தம்பிக்குப் பொழுதெல்லாம் மண்டியிட்டுச் செய்கிற வேலை. டாக்டரிடம் அதைச் சொன்னீர்களா?

பிசியோ, தான்லியின்:
அண்ணன் சொல்வது சரி. டைல்ஸ் வேலைக்காரருக்கு முட்டிச்சில்லு நாரை நான் சொல்லமாட்டேன். ஆனால் தம்பியின் வயது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த வயதில், ஓடித் திரும்புகிற ஆட்டக்காரர்களுக்கு, தொடை நார் மறுபடி அறுவது கூடுதல். அதனால் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மடித்து வைக்கும் நார் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வரும்? 8-க்குக் கீழே போனால் இளவயதில் நல்லதல்ல. முட்டியின் வெளிப்பக்கம் ஒரு பட்டையைக் கூடுதலாக இழுத்துத் தைப்பார்களா? 2020-இல் வந்த ஓர் ஆய்வில், 14 முதல் 25 வயதுக்குள் உள்ள 618 பேருக்குத் தொடை நார் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பட்டை இல்லாதவர்களில் 100-க்கு 11 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அறுந்தது, பட்டை வைத்தவர்களில் 4 பேருக்கு.

தொடை நார் எடுத்தால் குதிகாலை முதுகுப் பக்கம் இழுக்கும் பலம் கொஞ்சம் குறையும். இடது கால் ஊன்றும் கால் என்கிறீர்கள், அவர் ஆட்டத்துக்கு அது பெரிய இடைஞ்சல் ஆகாது. தொடைக்கு முன்பக்க நாரும் ஒரு வழி, அதில் மண்டியிடும் வலி குறைவு. அது பழகிய டாக்டராக இருந்தால் மட்டும் பாருங்கள்.

எது வைத்தாலும் 9 மாதத்துக்கு முன்னால் பந்தைத் தொடக்கூடாது. ஆறாவது மாதம் வலி இருக்காது, அப்போதுதான் பையன்கள் இறங்கிவிடுவார்கள். மறு காலின் பலத்தில் 100-க்கு 90 வந்ததா என்று அளந்துவிட்டுத்தான் விடவேண்டும்.

மோல்மேன் அக்கா:
அண்ணே, அவன் என்ன வேலை செய்கிறான் என்று இரண்டு டாக்டருமே கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பந்தாட்டத்தைப் பற்றித்தான் பேசினோம். செவ்வாய்க்கிழமை மறுபடி ரங்கூன் போகிறோம், தடிமனையும் வெளிப்பக்கப் பட்டையையும் எழுதி வைத்துக்கொண்டேன். 9 மாதம் என்றதும் தம்பி முகம் சுருங்கிவிட்டது. அப்பா பிரம்புப் பந்தை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.