கலைச்சொல் விவாதம்: 'ரெஃபரன்ஸ் ஃபிரேஸ்' – மாட்டுத்தொடரா, சான்றுத்தொடரா?

பாளையங்கோட்டையிலிருந்து:

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கில ஆய்வேடுகளில் பிறர் கருத்தையும் நூலையும் சுட்டுவதற்கு வழங்கும் 'ரெஃபரன்ஸ் ஃபிரேஸ்' என்னும் தொடர்களுக்குத் தாங்கள் பரிந்துரைத்த 'மேற்கோள் தொடர்' பொருந்தாது எனக் கருதுகிறேன். மேற்கோள் என்பது பிறர் சொல்லை எடுத்து வைப்பது; 'அக்கார்டிங் டு' (இன்னாரின் கருத்துப்படி), 'இபிட்' (முன் குறிப்பிலுள்ள அதே நூல்), 'சி.எஃப்.' (ஒப்பிடுக) முதலியவை எதையும் எடுத்து வைக்காமலேயே இடத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்கக்கூடும். 'சுட்டுத்தொடர்' என்றாலோ சுட்டெழுத்தும் சுட்டுப்பெயரும் குறுக்கே வரும்.

நன்னூல் கூறும் 32 உத்திகளில் 'பிறன்கோட் கூறல்', 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்', 'மாட்டெறிந்து ஒழுகல்' ஆகியவை நமக்கு வேண்டியவையே. பின்னே சொல்வோம் என்பதும் முன்னே சொன்னோம் என்பதும் ஆங்கிலக் கட்டுரையாளர் 'இன்ஃப்ரா', 'சுப்ரா' என்று இலத்தீனில் எழுதுவனதாம். ஆகவே மாட்டெறிதலை ஒட்டி 'மாட்டுத்தொடர்' என்பதை முன்மொழிகிறேன். நன்னூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலியார், அதைத் திருத்திய சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்தார். ஊர்ப்பற்றால் சொல்லவில்லை என்றால் தாங்கள் நம்பப் போவதில்லை.

பெயர் எதுவானாலும் பயன்பாடு தெளிவாக வேண்டும். ஒரு மாணவர் 7ஆம் அடிக்குறிப்பில் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைக் குறித்துவிட்டு 8ஆம் குறிப்பில் 'இபிட்' என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். வழிகாட்டியின் சொற்படி இடையில் போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பைச் செருகியதும், 9 ஆகிவிட்ட அந்த 'இபிட்' கால்டுவெல்லை விட்டுப் போப்பைச் சுட்டத் தொடங்கிவிடும். இவ்வாசிரியரின் முன்சொன்ன நூல் என்று காட்டும் 'ஆப். சிட்.' நிலை இதினும் மோசம்: 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தையும் 1881இல் வந்த திருநெல்வேலி வரலாற்றையும் ஒரே ஏட்டில் எடுத்தாளும் ஒருவர் 'கால்டுவெல், ஆப். சிட்., ப. 40' என்றெழுதினால், எந்த நூலின் 40ஆம் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வெழுத்து முறைகளை வகுக்கும் சிகாகோ நடைக்கையேட்டின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பும் 'இபிட்'டை விடுத்து ஆசிரியர் பெயரையும் சுருங்கிய தலைப்பையும் தருவதே மேல் என்கிறது.

தென்காசியிலிருந்து:

தம்பி, தங்கள் மடல் கண்டேன். 'மேற்கோள் தொடர்' என்பதைக் கைவிடுகிறேன். ஆனால் 'மாட்டுத்தொடர்' என்று வகுப்பில் சொன்னால் நம் பிள்ளைகள் தொழுவத்தைத்தான் நினைப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும் வேறொரு தடை உண்டு. மாட்டெறிதல் ஓரிடத்து விதியையே மற்றோரிடத்தின் மேல் ஏற்றுவது. 'அக்கார்டிங் டு' எதையும் ஏற்றுவதில்லை, இக்கருத்து என்னுடையதன்று, இன்னாருடையது என்று பொறுப்பைப் பிரித்துக் காட்டுகிறது. அதனால்தான் தன் முடிவையே சொல்லும் இடத்தில் 'அக்கார்டிங் டு மீ' என்று எழுதுவது ஆய்வுக்கட்டுரையில் உறுத்துகிறது.

எனவே முழுத் தொகுதிக்கும் 'சான்றுத்தொடர்' என்றே இருக்கட்டும்; அதனுள், ஏட்டின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கண்ணைத் திருப்பும் 'இபிட்', 'ஆப். சிட்.', 'சுப்ரா', 'இன்ஃப்ரா' ஆகியவற்றுக்கு மட்டும் தங்கள் சொல்லை 'மாட்டுக்குறி' என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ் ஆய்வேடுகளில் 'இபிட்'டுக்கு 'மேலது' நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. 'சி.எஃப்.' என்பதற்கு 'ஒப்புநோக்குக' என்றே எழுத வேண்டும். பலர் அதைக் 'காண்க' என்ற பொருளில் ஆள்கிறார்கள். 'கன்ஃபெர்' என்னும் இலத்தீன் ஏவலுக்கு ஒப்பிடு என்பதே பொருளாதலால், வேறுபடும் கருத்துடைய நூலைக் காட்டவே அது ஏற்றது.

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, இரண்டையும் ஏற்கிறேன். 'ஆஸ் சைட்டட் இன்' (இன்ன நூலில் எடுத்தாளப்பட்டபடி) ஒன்று எஞ்சுகிறது. மூலநூலைத் தான் பாராமல், அதனை எடுத்தாண்ட மற்றொரு நூலின் வாயிலாகக் கொண்டதை ஒப்புக்கொள்ளும் தொடர் அது. முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாட்டை ஒட்டி 'வழிச்சான்று' எனலாமா? பார்த்த நூலே நூற்பட்டியலில் இடம்பெற வேண்டும், பாராத மூலம் கட்டுரைக்குள் பெயரளவில் நிற்க வேண்டும் என்ற ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையின் விதியையும் இச்சொல்லின் விளக்கத்திலேயே சேர்த்துவிடலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.