பறவைப் படங்களுக்குக் கைப்பேசி போதுமா?

கேள்வி: கைப்பேசியில் பறவைகளைப் பெரிதாக்கிப் படமெடுத்தால், இறகின் வரிகள் மெழுகு பூசியதுபோல் குழைந்துவிடுகின்றன. தனிக் கேமரா வாங்கினால் இக்குறை தீருமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பெருமளவு தீரும். கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் பகுதியே சென்சார்; பெரிய வகையான முழுச்சட்ட (full-frame) சென்சார் 36 × 24 மி.மீ. அளவுடையது, கைப்பேசியின் சென்சார் அதில் சிறு பங்கே என்பதால், மங்கிய ஒளியில் படத்தில் புள்ளிபுள்ளியாக எழும் இரைச்சலை மென்பொருள் துடைக்கும்போது நுண்வரிகளும் சேர்ந்தே அழிகின்றன. ஆனால் கேமராவைவிட லென்ஸுக்கே பணத்தை ஒதுக்குங்கள். பறவைகளுக்கு 400 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸாவது வேண்டும்; இந்த எண் கூடக்கூடத் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்.

பதில் 2: நண்பர் சொன்னது சரியே. எனினும் வெயிலும் நிழலும் கலந்த நிலக்காட்சிகளுக்கு, பல படங்களை நொடியில் இணைத்துத் தரும் கைப்பேசியையே நான் விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. எடை குறைவாக வேண்டுமெனில்?

பதில் 1: முழுச்சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி (APS-C) சென்சார் கேமராவைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் 300 மி.மீ. லென்ஸே முழுச்சட்டக் கேமராவில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சிக் கோணத்தைத் தரும்.