மறு: கலைச்சொல் – பாடத்தின் வழியாக ஆங்கிலம்

வணக்கம்.

'கிளில்' (CLIL: ஒரு பாடத்தையும் ஒரு மொழியையும் சேர்த்தே கற்பிக்கும் முறை) என்பதற்குத் தமிழ் கேட்ட மடல் இழையில் இதுவரை வந்தவை மூன்று: உள்ளடக்க மொழி ஒருங்கிணைந்த கற்றல், துறைசார் ஆங்கிலம், தொழில்வழி ஆங்கிலம். முதலாவதை ஆசிரியர் ஓய்வறையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துறைசார் ஆங்கிலம் நல்ல சொல்தான், ஆனால் விமானிக்கும் செவிலியருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தைப் பொறுக்கிக் கொடுக்கிறோமே, அதற்கு உரியது. அதை அங்கேயே விட்டுவிடுவோம். 'தொழில்வழி' குறுகிவிடுகிறது, வரலாற்று வகுப்பிலும் இதைச் செய்யலாம்.

நான் முன்வைப்பது: பாடவழி மொழிக்கல்வி.

நான் ஆங்கிலம் எடுப்பது கும்பகோணம் பக்கம், மேல்நிலைத் தொழிற்பிரிவில். 1978இல் மேல்நிலைக் கல்வியோடு வந்த பிரிவு இது. என் மாணவர்கள் கணக்குப் பதிவியலைத் தமிழில் படிக்கிறவர்கள். படிப்பு முடிந்ததும் அரிசி ஆலை அலுவலகத்துக்கோ, ஜவுளிக் கடைக்கோ, ஆடிட்டரிடம் உதவியாளராகவோ போவார்கள். அங்கே டேலி கணக்கு மென்பொருளின் திரையும் ஜிஎஸ்டி பில்லும் ஆங்கிலத்தில் இருக்கும்.

கொடுக்கல் வாங்கலை முதலில் எழுதும் குறிப்பேட்டில், ஒவ்வொரு பதிவுக்கும் கீழே விளக்கக் குறிப்பு ஒன்று எழுதுவோம் இல்லையா? அதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஆலை கடனுக்கு நெல் வாங்கியிருந்தால், 'பீயிங் பேடி பாட் ஆன் கிரெடிட்'. இந்த ஒரு வரியில் செயப்பாட்டு வினை முழுசாக உட்கார்ந்திருக்கிறது. 'பீயிங்'கை எடுத்துவிட்டு நடுவில் 'வாஸ்' போடச் சொன்னால் போதும்: 'பேடி வாஸ் பாட் ஆன் கிரெடிட்'. இலக்கண வகுப்பில் மிரளும் பையன் இங்கே மிரள்வதில்லை. யார் வாங்கியது, யாரிடம், எவ்வளவுக்கு என்று நான் கேட்கக் கேட்க, பதிவைப் பார்த்துக்கொண்டே வாக்கியத்தை நீட்டிக்கொண்டு போகிறான். பாட், சோல்ட், பெய்டு, ரிசீவ்டு என்று வினைகள் வரிசையாக வருகின்றன. தொகை சரியா என்பது அவனுக்கே தெரியும், அதனால் பேசத் துணிகிறான்.

நிபந்தனை வாக்கியத்துக்கு நான் எடுப்பது நெல் கொள்முதல் நிலையம். 40 கிலோ சிப்பமும் 17 சதவீத ஈரப்பத வரம்பும் டெல்டாவில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஈரம் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும், நெல்லைக் காயவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு 'இஃப்' வாக்கியங்களுக்கும் பொருளை நான் விளக்க வேண்டியதே இல்லை.

இனி, மன்னார்குடி நண்பரின் ஐயம்:

> இது ஆங்கிலவழிக் கல்வியை வேறு பெயரில் உள்ளே கொண்டுவருவதாகாதா?

ஆகாது ஐயா. இந்தச் சொல்லையே அதனால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் 'வழி'க்கு முன்னால் நிற்பதுதான் ஊடகம். ஆங்கிலவழியில் ஆங்கிலத்தைக் கொண்டு பாடத்தைப் படிக்கிறோம். பாடவழியில் பாடத்தைக் கொண்டு ஆங்கிலத்தைப் படிக்கிறோம். பாடம் முன்பே தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். தேய்மானம் என்றால் என்னவென்று தமிழில் புரியாத பிள்ளையிடம் 'டெப்ரிசியேஷன்' என்றால் அது வெறும் மனப்பாடம்; பாடமும் போகும், மொழியும் போகும். பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்), பேரேடு (லெட்ஜர்), இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) எல்லாம் தமிழில் உறுதியாக நின்ற பிறகே ஆங்கிலம். இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிக்கல்வி ஆய்வாளர் டேவிட் மார்ஷ் 1994இல் ஐரோப்பாவில் முன்வைத்த 'கிளில்', பாடம் மொழி ஆகிய இரண்டையுமே இலக்காகக் கொண்டது. என் வகுப்பில் மொழி மட்டும்தான் இலக்கு. எனவே ஒரு சொல் போதாது. என் வகுப்பில் நடப்பதற்குப் 'பாடவழி மொழிக்கல்வி' இருக்கட்டும். கணக்குப் பதிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து திட்டமிட்டு, இரண்டையும் மதிப்பிடும்போது அதைப் 'பாடமொழி இணைகல்வி' எனலாம். கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பிரெஞ்சிலேயே வகுப்பு நடத்தினார்களே, அது மூன்றாவது வகை. அதற்கு 'அமிழ்முறைக் கல்வி' பொருந்தும்.

இலங்கை நண்பர்கள் இருப்பதால் இன்னொன்று. அங்கே டெபிட் 'வரவு', கிரெடிட் 'செலவு'. நமக்கோ கிரெடிட்தான் 'வரவு'. பொதுக் கலைச்சொல் பட்டியலில் 'வரவு' என்ற இந்த ஒரு சொல்லைக் குறிப்பில்லாமல் போட்டால் பேரேடு தலைகீழாகிவிடும். இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். இருப்புநிலைக் குறிப்புக்கு (பேலன்ஸ் ஷீட்) அவர்கள் சொல்லும் 'ஐந்தொகை'யை நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். சின்னச் சொல், வாயில் நிற்கிறது.

அப்புறம், 'ஸ்காஃபோல்டிங்' இன்னும் பாக்கி. மாணவன் தானாக எழுதும்வரை பாதி வாக்கியம் கொடுத்து, பிறகு அதையும் நிறுத்திவிடும் முறை. பட்டியலில் 'சாரக்கட்டு உத்தி' என்றிருக்கிறது. கொத்தனார் சொல்வதைப் போலச் 'சாரம்' என்றே வைக்கலாமே? 'சாரம் கட்டுதல்', 'சாரம் பிரித்தல்' என்று இரண்டு வினைகளும் கூடவே கிடைக்கின்றன. 'சாராம்சம்' என்ற பொருளோடு குழம்பும் என்பவர்கள் எழுதுங்கள்.