கேமீட்: மியாசிஸில் வந்த செல்லா, சேரக்கூடிய செல்லா?

நுண்ணோக்கி:
கேமீட் (விந்தணு, அண்டம் போன்ற இனச்செல்) என்றால் 'மியாசிஸ் மூலம் உண்டாகும் ஒற்றைமயச் செல்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மியாசிஸ் என்பது மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு; ஒற்றைமயம் என்றால் குரோமோசோம் ஒரே ஒரு தொகுதியாக இருப்பது. இது பாதிதான் சரி. மணம் முடிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கணவன், மனைவி இரண்டுக்கும் அங்கே அதே வேர். இன்னொரு செல்லோடு சேர்வதுதான் அதன் அடையாளம். எப்படி உண்டானது என்பது அப்புறம்.

குரோமோ:
வேர்ச்சொல்லை வைத்து வரையறை எழுத முடியாது. அணுவைக் குறிக்கும் 'ஆட்டம்' (atom) என்ற சொல்லுக்குப் பிளக்க முடியாதது என்று பொருள், பிளந்துவிட்டோமே! கேமீட் 19ஆம் நூற்றாண்டுப் பெயர். மியாசிஸ் என்ற பெயர் வந்ததே 1905இல். மனிதருக்கு 46 குரோமோசோம், விந்தணுவில் 23. பாதியாக்குவது மியாசிஸ். அது இல்லாவிட்டால் குரோமோசோம் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிக்கும்.

நுண்ணோக்கி:
சரி, வேரை விடுங்கள். பெரணிச் செடியில் (fern) மியாசிஸ் தருவது ஸ்போர் எனும் வித்துத் துகள். அது முளைத்து இதய வடிவில் சின்னத் தாவரமாகி, அப்புறம் மைட்டாசிஸில்தான் (எண்ணிக்கை மாறாத செல் பிரிவு) கேமீட்டை உண்டாக்குகிறது. ஆண் தேனீக்கு இருப்பதே 16 குரோமோசோம், அதன் விந்தணுவிலும் 16. எங்கே பாதியானது?

குரோமோ:
ஒரு தலைமுறை முன்னால் ஆனது. ஆண் தேனீ வந்த முட்டை தாயின் உடலில் மியாசிஸ் கண்டதுதான். பெரணிக்கும் அதே கதை.

பச்சைப்பாசி:
அந்தக் கணக்குப்படி பெரணியின் இதய வடிவத் தாவரத்தில் ஒவ்வொரு செல்லும் கேமீட், மண்ணைப் பிடிக்கும் இழைகள் உட்பட! மனிதரையே பாருங்கள்: சினைப்பையிலிருந்து வெளிவரும் அண்டம் இரண்டாம் மியாசிஸின் நடுவில் நிற்கிறது. விந்தணு நுழைந்த பிறகுதான் அது முடிகிறது. மியாசிஸ் முடிந்தால்தான் கேமீட் என்றால், விந்தணு யாரோடு சேர்ந்தது?

குரோமோ:
அண்டத்தை விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்வதுதான் அளவுகோல் என்றால், ஆண் தேனீ வந்த முட்டை எதோடும் சேரவே இல்லை. அது கேமீட் இல்லையா?

நுண்ணோக்கி:
சேர்ந்தது என்று நான் சொல்லவில்லை, சேரக்கூடியது என்கிறேன். ராணித் தேனீ அந்த முட்டையோடு விந்தணுவைச் சேர விட்டிருந்தால் அதே முட்டையிலிருந்து பெண் தேனீ வந்திருக்கும். பெரணியின் இழைச் செல்லுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.